அம்மா விட்டுவைத்த பாதி

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழையக் கூடாது. தாயக்கட்டையும் கூடாது. சினிமாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். சித்தூரில் எங்களைப் போன்ற பழைய மிஷன் சபைக் குடும்பங்களில் அந்த நாளில் இவையெல்லாம் பாவத்தில் சேர்ந்தவை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிக்குழம்பும் சோறும் உண்டு, சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு மணி அடிக்கும் வரையில் பிள்ளைகளை எப்படிப் பாவம் செய்யாமல் வைத்திருப்பது என்பது எல்லா வீட்டுத் தாய்மார்களுக்கும் ஒரு சங்கடம். எங்கள் அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள்.

அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஊர் முழுக்கத் தெலுங்குப் பலகைகள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தமிழ் வகுப்பில் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அதனாலோ என்னவோ, அம்மாவுக்குத் தமிழ் எழுத்துகளின் மேல் ஒரு பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடு அறையின் சிமெண்டுத் தரையைத் துடைத்துவிட்டு, சாக்பீஸால் நீளமான ஒரு வார்த்தையை எழுதுவாள். அந்த வார்த்தையில் உள்ள எழுத்துகளை மட்டும் எடுத்து, இடம் மாற்றிப் போட்டு, அதற்குள் ஒளிந்திருக்கும் சின்ன வார்த்தைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேரும் ஆளுக்கொரு சிலேட்டை எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிடுவோம்.

எங்கள் அப்பாவை நைனா என்போம். இந்த விளையாட்டு அவருடைய பஸ்ஸிலிருந்து தொடங்கியது. நைனா ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சித்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் வழியாகப் புத்தூர் போய்த் திரும்பும் வண்டி அது. ஒருநாள் நைனா வீட்டுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. அழுதுகொண்டிருந்த என்னைச் சமாளிக்க அம்மா தரையில் ‘கார்வேட்டிநகரம்’ என்று எழுதி, "உங்க நைனா இந்த ஊருக்குள்ள எங்கியோ மாட்டிகினு கீறாரு. அதுக்குள்ள இன்னும் இன்னா இன்னா கீதுன்னு தேடிப் பாக்கலாமா?" என்றாளாம். கார் வந்தது. வேட்டி வந்தது. காகம் பறந்து வந்தது. வேர், வேகம், காரம், நகம், கட்டி என்று வந்துகொண்டே இருந்தன. நைனா வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது அம்மா கடைசியாக ‘நரகம்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"நான் தெனைக்கும் போய் வர ஊரு. அதுக்குள்ள நரகத்தைக் கண்டுபுடிச்சிட்டியா டீச்சரு?" என்று நைனா சிரித்தார். அவர் அம்மாவை டீச்சரு என்றுதான் கூப்பிடுவார்.

"எழுத்து கீதே. நான் இன்னா பண்றது?" என்றாள் அம்மா.

விளையாட்டில் அம்மா ஈவிரக்கம் பார்க்க மாட்டாள். புள்ளி வைத்த எழுத்து வேறு, வைக்காத எழுத்து வேறு. ஓர் எழுத்து ஒரு தடவைதான் இருந்தால் ஒரு தடவைதான் எடுக்கலாம். நான் ‘மரம்’ என்று எழுதினால், "புள்ளி வைக்காத ‘ம’ எங்க கீது? காட்டு" என்று அடித்துவிடுவாள். நான் உதட்டைப் பிதுக்கினாலும் திருத்தியது திருத்தியதுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாதான் ஜெயிப்பாள். அண்ணன் இரண்டாவது. என்னை எண்ணிக்கையில் சேர்ப்பதே ஒரு மரியாதைக்காகத்தான். நைனா விளையாட மாட்டார். கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அதுல பிரியாணி கீதா பாருங்க" என்பார்.

எனக்கு எட்டு வயது முடிந்திருந்த வருஷம், மாங்காய் லாரிகளெல்லாம் போய் ஓய்ந்து, மழை வரும் வராது என்றிருந்த சமயத்தில் அம்மாவுக்குத் தலைவலி வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏமி டீச்சரம்மா, மள்ளீ தலநொப்பா?" என்று, மறுபடியும் தலைவலியா எனக் கேட்டுவிட்டுச் சுக்கு அரைத்து அனுப்புவார். வெயிலில் நடக்கிறாள், பிள்ளைகளோடு கத்துகிறாள், தலைவலி வராமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தலைவலியோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. அதை நான் தலைவலியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு அது சந்தோஷமான விஷயமாக இருந்தது.

அம்மா சாப்பிட்டு எழுந்தால் தட்டில் பாதிச் சோறு மிச்சமிருந்தது. கோடு கிழித்த மாதிரி, தட்டின் ஒரு பக்கம் துடைத்தெடுத்ததுபோல் காலியாகியிருக்கும். இன்னொரு பக்கத்தில் சோறும் குழம்பும் பொரியலும் கை படாமல் அப்படியே இருக்கும். இட்லி வைத்தால் ஒரு பக்கத்து இட்லிகளை மட்டும் தின்றுவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள். ஒருநாள் குழம்பில் நல்ல எலும்புக்கறித் துண்டு ஒன்று அந்தப் பக்கத்திலேயே கிடந்தது. நான் கேட்காமலேயே எடுத்துத் தின்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். பிள்ளைகளுக்காகத் தாய் தன் பங்கைக் குறைத்துக்கொள்வாள் என்று ஞாயிறு பள்ளியில் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறார்கள். அண்ணனுக்குத் தெரிவதற்கு முன்னால் ஓடிப்போய் அம்மாவின் தட்டை எடுப்பது என் வேலையாயிற்று. "பாப்பா இப்பல்லாம் வேல செய்றா" என்று அம்மா என்னை மெச்சிக்கொண்டாள். நான் அந்த மழைக்காலத்தில் நன்றாகச் சதை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டிலும் அப்படியே நடந்தது. ஒரு ஞாயிறு அம்மா பழையபடி ‘கார்வேட்டிநகரம்’ எழுதினாள். புது வார்த்தை தேட இன்றைக்குத் தலை ஓடவில்லை என்றாள். எல்லோரும் சிலேட்டைத் திருப்பிக் காட்டினபோது, அம்மாவின் சிலேட்டில் நகரம், நரகம், நகம், கரம், ரகம் என்று மட்டும் இருந்தது. அவ்வளவுதான். காரும் இல்லை. வேட்டியும் இல்லை. நாங்கள் எத்தனையோ தடவை கண்டுபிடித்து அலுத்துப்போன காகம்கூட இல்லை.

என் சிலேட்டில் அவையெல்லாம் இருந்தன. அண்ணனுடையதைவிட ஒன்று அதிகமாகவே இருந்தது.

"நான் ஜெயிச்சேன், நான் ஜெயிச்சேன்" என்று குதித்தேன்.

அண்ணன் அம்மாவின் சிலேட்டை வாங்கிப் பார்த்தான். "இன்னாம்மா, வேட்டியக்கூடப் போடலியே? வேணும்னே விட்டுட்டியா?"

"எந்த வேட்டி?" என்றாள் அம்மா.

அண்ணன் சிரித்துவிட்டான். அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவனும் நினைத்தான். நைனா கயிற்றுக் கட்டிலில் தூங்கிப்போயிருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறும் நான்தான் ஜெயித்தேன். வார்த்தையின் முன்பக்கத்தை அம்மா தொடவே இல்லை. பின்பக்கத்து எழுத்துகளையே திருப்பித் திருப்பி உருட்டிக்கொண்டிருந்தாள். நான் கெட்டிக்காரியாகிவிட்டேன் என்று ஒரு மனது சொன்னது. இல்லை, சோற்றை விடுவதுபோல முன்பாதியை எனக்கு விட்டுவைக்கிறாள் என்று இன்னொரு மனது சொன்னது. இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தன. ஒருநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு ரெட்டைப் பின்னல் போட உட்கார்ந்தவள், வலது பக்கத்துப் பின்னலை முடித்து ரிப்பன் கட்டி, "ம், எழுந்து போ" என்று முதுகில் தட்டிவிட்டாள். இடது பக்கத்து மயிர் அவிழ்ந்து தோளில் கிடந்தது. நான் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். "இன்னொரு பின்னல் எங்கம்மா?" என்று அண்ணன் கேட்டான். அம்மா கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்தாள். பிறகு என்னைப் பிடித்து உலுக்குகிற மாதிரி முழுசாகத் திருப்பி உட்காரவைத்து, மிச்சத்தையும் பின்னினாள்.

அவளுக்கு அப்போதே ஏதோ தெரிந்திருக்க வேண்டும். இடது தோள் கதவு நிலையில் இடித்து இடித்துக் கன்றிப்போயிருந்தது. அதை முந்தானையால் மூடிக்கொள்வாள். நைனா கேட்டால், "இருட்டுல இடிச்சிகினேன்" என்பாள். நைனா விடியற்காலையில் முதல் டிரிப்புக்குப் போனால் ராத்திரி பஸ்ஸை ஷெட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அம்மா சாப்பிட உட்காருமுன் உண்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்துவிடுவார். அவருக்கு அம்மாவின் தட்டு தெரியாது. தட்டைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அறுப்பின் பண்டிகை வந்தது. விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் நாள்; எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு அடுத்த பெரிய நாள் அதுதான். சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்தெல்லாம் சபையார் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கோயில் வாசலில் பந்தல் போட்டு, கரும்புக் கட்டும் வாழைத்தாரும் பூசணியும் வேர்க்கடலை மூட்டையும் குவிந்திருக்கும். கோழிகள் கால் கட்டப்பட்டுக் கிடந்து கத்தும். காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்ததும் பிள்ளைகளுக்குப் போட்டிகள். அதில் வார்த்தைப் போட்டி அம்மாவுடையது. எங்கள் வீட்டுத் தரையில் ஆடுகிற அதே விளையாட்டுதான். பந்தலில் கரும்பலகையை நிறுத்தி அம்மா வார்த்தையை எழுதுவாள், பிள்ளைகள் எழுதித் தருவார்கள், எல்லோருக்கும் முன்னால் அம்மாவே ஒவ்வொன்றாகப் படித்துச் சரி, தப்பு சொல்லுவாள். டீச்சருடைய பெண் என்பதால் எனக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்று முந்தின வருஷங்களில் யாரும் சொல்லவில்லை. சொல்ல அவசியமே வரவில்லை. இந்த வருஷம் நான் பரிசு வாங்கப்போகிறேன் என்று பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு ஞாயிறு ஜெயித்தவளாயிற்றே.

அம்மா மஞ்சள் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். பலகைக்கு முன்னால் போய் நின்று எழுதத் தொடங்கினாள். எப்போதும் பலகையின் ஓரத்திலிருந்து அச்சடித்ததுபோல எழுதுகிறவள், அன்றைக்கு நடுவைத் தாண்டி ஆரம்பித்தாள். ‘அறுப்பின்பண்டிகை’ என்று சேர்த்தே எழுதினாள். எழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வலது ஓரத்தில் போய் முட்டின. ‘கை’ என்பதற்கு இடமே இல்லை. அதைக் கீழே எழுதினாள். பலகையின் பாதி வெறுமையாகக் கிடந்தது. ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், "டீச்சருக்கு இன்னிக்கு அவசரம் போல கீதே" என்று சிரித்தார்.

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினோம். நான் படி, பிடி, பின், பகை, பண் என்று எழுதிக்கொண்டே போனேன். அப்புறம் திடீரென்று எனக்கு ‘அப்படி’ கிடைத்தது. யார் கண்ணுக்கும் எளிதில் படாத வார்த்தை. பென்சிலைக் கடித்துக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அம்மா பலகைக்கு வலது பக்கத்தில், வாழைத்தார்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

மணி அடித்தது. அம்மா காகிதங்களை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள். பண்டிகை சரி. பகை சரி. படி சரி. அடுத்து ஒரு கிராமத்துப் பையன் எழுதியதைப் படித்தாள்.

"கைப்பிடி." கொஞ்சம் நிறுத்தினாள். "கை கீது. டி கீது. ‘ப்பி’ எங்க கீது? தப்பு."

பையன் எழுந்து நின்றான். "கீதே டீச்சர்."

"எங்க?"

"முன்னாடி கீது டீச்சர். அறுப்பின்ல."

அம்மா பலகையைப் பார்த்தாள். பிரம்பை எடுத்து எழுத்துகளைத் தொட்டுக் காட்டினாள். ‘ப’வில் தொடங்கி, ‘ண்’, ‘டி’, ‘கை’. "இதோ, இவ்ளோதான் கீது. ‘ப்பி’ இல்ல. உக்காரு."

பந்தலில் சிரிப்பு எழுந்தது. டீச்சர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த காகிதத்தை எடுத்தாள். அது என்னுடையது.

"அப்படி" என்று படித்தாள். முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. "இதுல ‘அ’வே கெடையாதே. யாரு எழுதுனது?"

"நான்தாம்மா" என்றேன்.

"வூட்ல இவ்ளோ சொல்லிக் குடுத்தும் இல்லாத எழுத்தைப் போட்டா எப்படி? தப்பு."

எனக்கு அழுகை முட்டியது. "மொத எழுத்தே ‘அ’தானேம்மா" என்று கத்தினேன். இப்போது எல்லோரும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். "மொத எழுத்து டீச்சர்! மொத எழுத்து!" கிராமத்துப் பையன் ஓடிவந்து பலகையில் ‘அ’வின் மேலேயே விரலை வைத்தான். அம்மா அவன் முதுகைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். விரலை மட்டும் பார்க்கவில்லை.

"எங்கடா காட்டுற?" என்றாள். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, ஒரு மாதிரிக் கெஞ்சுகிறவள்போலச் சொன்னாள்: "இல்லாத எழுத்த நான் எப்படிம்மா கீதுன்னு ஒத்துக்கறது?"

சிரிப்பு அப்படியே அடங்கியது. ஐயரம்மா பாதி எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். பந்தலின் கடைசியில் நைனா நின்றிருந்தார். அன்றைக்கு மட்டும் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அவர் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அம்மாவின் இடது பக்கத்தில் வந்து நின்று, "டீச்சரு" என்று மெல்லக் கூப்பிட்டார். அம்மா வலது பக்கம் திரும்பினாள். "டீச்சரு, இங்க கீறேன்" என்றார். அம்மா மறுபடியும் வலது பக்கமே பார்த்து, "இன்னாங்க, எங்க கீறீங்க?" என்றாள்.

நைனாவின் முகம் எப்படியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. பரிசுக்கு வைத்திருந்த புது டிபன் பெட்டியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். நைனா சுற்றிப்போய் அம்மாவின் வலது கையைப் பிடித்து, "வா, வூட்டுக்குப் போலாம்" என்று நடத்திக்கொண்டு போனார். அம்மா பிரம்பைக் கீழே வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே ஊர் பார்க்க நடந்து போனாள். டிபன் பெட்டியை ஐயரம்மா கிராமத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். அது நியாயம்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊர் டாக்டர் வந்தார். அம்மாவின் கண்ணுக்கு முன்னால் விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டி நீட்டிப் பார்த்தார். வெளியே வந்து, இடது பக்கத்தில் இருப்பது எதுவும், தொட்டால்கூட, அவளுக்குத் தெரியவில்லை என்று நைனாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாராம். நைனா அடுத்த நாளே அம்மாவை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வேலூரில் அம்மாவின் அக்கா இருந்தாள். எங்கள் பெரியம்மா. அவள் துணைக்கு நின்றுகொண்டாள். எங்களைப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் பார்த்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து நைனா வந்தபோது, அந்த அம்மாளிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வார்த்தை மட்டும் தமிழில் வந்தது. தலைக்குள் கட்டி என்றார். கட்டி என்றால் எனக்கு வெல்லக்கட்டிதான். எங்கள் ஊர் மண்டியில் வண்டி வண்டியாக வந்து இறங்கும். அது எப்படித் தலைக்குள் போகும், கரைந்துவிடாதா என்று அண்ணனைக் கேட்டேன். அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். "சும்மா இரு" என்று மட்டும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்தபோது வாங்கி ஜன்னல் வழியாக எறிந்தான்.

அம்மா பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். ஒரு வியாழக்கிழமை நைனா எங்கள் இருவரையும் வேலூருக்குக் கூட்டிப் போனார். வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். நைனா காவல்காரரிடம் வெகுநேரம் கெஞ்சினார். கடைசியில் ஒரு பிள்ளையை மட்டும் விடுவதாக அவர் சொன்னார். "நீ போ" என்றான் அண்ணன். "அம்மா உன்னத்தான் கேப்பாங்க." அவன் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

நீளமான கூடம். வரிசையாகக் கட்டில்கள். டெட்டால் நாற்றம். அம்மா அந்த வரிசையில் படுத்திருந்தாள். ஆபரேஷனுக்கென்று தலையை மழித்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். எனக்குப் பயமாக இல்லை. திருப்பதிக்குப் போய்வந்தவர்கள் மாதிரி இருந்தாள். பெரியம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தாள். கட்டிலுக்கு இடது பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. நைனா என்னை அதில் உட்காரவைத்து, "இந்தா, பாப்பாவக் கூட்டியாந்துகீறேன்" என்று சொன்னார். ஸ்டூலை அந்தப் பக்கம் மாற்றிப் போடுவதற்குள் ஒருவர் வந்து, பெரிய டாக்டர் கூப்பிடுவதாக நைனாவை அழைத்துப்போய்விட்டார்.

"வந்துட்டியா பாப்பா?" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு பழைய சிரிப்பேதான். ஆனால் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி.

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அம்மா, "எங்க கீற? காணோமே" என்றாள். வலது கையால் அந்தப் பக்கத்து விரிப்பைத் தடவினாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் காற்றில் துழாவினாள். "எங்க ஒளிஞ்சிகினு கீற?"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அம்மா கண்ணாமூச்சி ஆடுகிறாள். இத்தனை நாள் கழித்து என்னோடு விளையாடுகிறாள். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த கட்டிலில் ஒரு வங்காளத்து அம்மாள் படுத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னை முகவாயால் காட்டி, அம்மாவிடம் அவர்கள் பேச்சில் என்னவோ சொன்னார். நான் அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டாம் என்று கையாட்டினேன். அவர் புரிந்துகொண்டவர்போலச் சிரித்தார். அம்மாவின் இடது கை என் முழங்காலுக்குப் பக்கத்தில் விரிப்பின் மேல் கிடந்தது. நான் ஒரே ஒரு விரலால் அதைத் தொட்டேன். அம்மா அசையவில்லை. அடேயப்பா, எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். சுண்டு விரலைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். அப்போதும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "சாப்டியாடி? தல யாரு பின்றாங்க? எண்ணெ வெக்கறாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். சத்தம் வெளியே வரவில்லை.

"பாப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பாப்பா, போய்ட்டியா?" என்றாள். கை வெகுநேரம் அந்தப் பக்கத்து விரிப்பின் மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

மணி அடித்தது. நர்ஸம்மா வந்து, "டைம் ஆச்சு, வெளிய போ கண்ணு" என்று என் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். கடைசி வரையில் விட்டுக்கொடுக்கவில்லை. நைனா டாக்டரிடமிருந்து வந்து, என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் அம்மாவிடம் என்ன சொன்னார், அம்மா அவரிடம் என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அம்மா கண் திறக்கவில்லை.

நாங்கள் பார்க்கப் போன அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சித்தூர் பஸ்ஸில் நைனா ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். நடுவில் நான். இந்தப் பக்கம் அண்ணன். அந்த பஸ் கண்டக்டர் நைனாவுக்குத் தெரிந்தவர். பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். எனக்கு விஷயத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்போல இருந்தது.

"நைனா, நான் அம்மா கட்டிலு பக்கத்துலயேதான் உக்காந்துகினு இருந்தேன். கடேசி வரைக்கும் அம்மாவால என்னைக் கண்டுபுடிக்கவே முடியல" என்றேன்.

நைனா திரும்பவில்லை. பஸ் இரைச்சலில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன். "கையக்கூடத் தொட்டேன் நைனா. அப்பக்கூட அம்மா கண்டுபுடிக்கல. நான்தான் ஜெயிச்சேன்."

அண்ணன் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினான். உயிர் போகிறமாதிரி வலித்தது. நான் ஓவென்று அழுதேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நைனா அவனை அதட்டுவார், என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார் என்று அழுதுகொண்டே காத்திருந்தேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தார். ஒன்றும் செய்யாத என்னை அவன் ஏன் கிள்ளினான், அதை ஏன் யாரும் கேட்கவில்லை என்று புரியாமல், சித்தூர் வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.